கொதி வரும் முன்

மாத்தேக்குத் தண்ணீர் கொதிக்கக் கூடாது.
கெட்டில் முணுமுணுக்கும்போதே,
கூவுவதற்கு ஒரு மூச்சு முன்னால்
இறக்கிவிட வேண்டும்.
முப்பத்தொரு வருஷமாக நான்தான் இறக்குகிறேன்.
வில்மாருக்குக் காது மந்தம்.
அவர் எழுந்து வருவதற்குள்
அது கத்தி ஓய்ந்துவிடும்.

ஜூலை. மொந்தேவீதியோவில் குளிர்காலம்.
சன்னலைத் திறந்தால்
இரண்டு கூரைகளுக்கு இடையே ஒரு சாண் ஆறு,
பால் விட்ட தேநீர் நிறத்தில்.
தபால் அட்டைகளில் மட்டும் அது நீலம்.

ஞாயிறு தோறும் பழைய சாமான் சந்தையிலிருந்து
கோட்டின் உள்பையில் கொண்டுவருகிறார் அட்டைகளை.
எழுதாத அட்டை அவருக்கு வேண்டாம்.
கோபுரமோ பனிமலையோ,
முன்பக்கத்தைப் பார்ப்பதே இல்லை.
புரட்டி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
மூக்கருகே பிடித்துக்கொண்டு
"கேள், மிர்த்தா" என்பார்.

'வந்து சேர்ந்தோம். மழை. புதுச் செருப்பு கடிக்கிறது.'
'முட்டை இங்கே விலை அதிகம். மற்றபடி சுகம்.'
'நாய்க்கு யார் சோறு வைக்கிறார்கள் என்று
நீ எழுதவே இல்லை.'
அந்த நாயை நினைத்து
நாங்கள் ஒரு வாரம் கவலைப்பட்டோம்.
தபால் முத்திரை 1938.

பஸ்ஸில் சீட்டுக் கிழித்தவர்.
எங்கே இறங்குகிறீர்கள் என்பதைத் தவிர
வேறெதுவும் யாரையும் கேட்டறியாதவர்.
இப்போது செருப்புப் பெட்டிகளில் அடுக்குகிறார்,
நாடு வாரியாக அல்ல, ஆண்டு வாரியாகவும் அல்ல.
மழைக்கு ஒரு பெட்டி, வயிற்றுக்கு ஒன்று,
பணத்துக்கு ஒன்று.
'நேரமில்லை, பிறகு விவரமாக எழுதுகிறேன்'
என்பதற்கு மட்டும் மூன்று.

முதல் குடுவை எனக்கு, கசப்பு.
அடுத்தது அவருக்கு.
ஒரே குழல்; ஒருவர் எச்சில் மற்றவருக்கு,
அதுதான் இங்கே மரியாதை.
பிறகு துணி மடிப்பேன்.
ஜெரேனியத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர்.
பத்தரைக்கு வானொலியில் வானிலை.
எட்டிப் பார்த்தாலே தெரிகிற வானம்தான்,
ஆனாலும் கேட்போம்.

போன ஞாயிறு கோட்டைக்கூடக் கழற்றவில்லை.
"மிர்த்தா, இது நம் தெரு."
நம் கட்டிடம். மூன்றாம் எண் வீடு.
நாங்கள் நான்கு.
செல்வி தெலியா பர்போசாவுக்கு, 1957:
'சாவி மீட்டர் பெட்டிக்குப் பின்னால்.
வெள்ளி வரை பால் வேண்டாமென்று சொல்லிவிடு.'
கீழே பெயர் இருந்த இடத்தில்
ஈரம் பட்டு ஊதாக் கறை.

மூன்றில் இப்போது ஒரு பையன்,
மோட்டார் சைக்கிளில் பீட்சா கொண்டுபோகிறவன்.
படிக்கட்டில் தலையசைப்பு உண்டு,
பேர் தெரியாது.
வில்மார் இரண்டு நாள் யோசித்தார்.
நாற்பது பேசோ கொடுத்து வாங்கியது வேறு.
"முகவரி அவனுடையதுதானே" என்று
செவ்வாய் இரவு காலுறையோடு நடந்துபோய்
கதவடியில் தள்ளிவிட்டு வந்தார்,
எழுபத்துநான்கு வயதில்
திருடனைப் போல மூச்சு வாங்க.

புதன் காலை.
கெட்டில் முணுமுணுக்கத் தொடங்கிய நேரம்
எங்கள் கதவடியில் அதே அட்டை.
ஓரத்து வெள்ளையில், பச்சைப் பேனாவில்:
'தெலியா என்று இங்கே யாரும் இல்லை.
மீட்டர் பெட்டிக்குப் பின்னால் தேடினேன்,
சாவியும் இல்லை.
பால் எனக்கும் வேண்டாம்.
மைக்கோல், எண் 3.'

வில்மார் வாசித்தார். மறுபடி வாசித்தார்.
இருமல் போலத் தொடங்கியது சிரிப்பு.
"போய்ப் பார்த்திருக்கிறான், மிர்த்தா.
மீட்டர் பெட்டிக்குப் பின்னால்
கையை விட்டுப் பார்த்திருக்கிறான்!"

எந்தப் பெட்டியில் வைப்பது இதை என்று
வாக்குவாதம் முற்றுகையில்
சமையலறையிலிருந்து கூவல்.
முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவை.
கொதித்ததைக் கொட்டிவிட்டு
குழாயைத் திறந்து புதுத் தண்ணீர் பிடித்தேன்.

உள்ளே
பெட்டி பெட்டியாகக் கவிழ்த்துத்
தேடிக்கொண்டிருந்தார் வில்மார்.
பையனுக்குப் பதில் போட வேண்டுமாம்.
ஆயிரத்து நானூறு அட்டை இருக்கிறது வீட்டில்.
எழுதாத அட்டை
ஒன்றுகூட இல்லை.