மறுவீடு

சொதிக்குத் தேங்காய் துருவ ஆளில்லாத மறுவீடு.
எங்கள் வாசற்படியை மாமா மிதிக்கக் கூடாது.
அவர்கள் தெருவுக்குள் அப்பா வரமாட்டார்.
ஜங்ஷனில் எந்த ஓட்டலுக்குள் நுழைந்தாலும்
அப்பாவைப் பார்த்து எழுந்து நிற்க ஒருத்தன் இருப்பான்.
ஆகவே மொராக்கோ.

வண்ணார்பேட்டை பைபாஸ், டைல்ஸ் கடைக்கு மேல்மாடி.
“ஏட்டி, அந்த ஊர்ல நம்ம ரெண்டு சாதிக்கும்
சங்கம் கிடையாது” என்றான் இசக்கிதுரை.
பதிவு செய்து நாற்பத்தொரு நாளில்
அன்றுதான் சிரித்தேன்.

கடைக்காரர் தமீம், மேலப்பாளையம்.
ஷார்ஜாவில் ஃபெஸ் நகரத்து உஸ்தாத் ஒருவரிடம்
ஒன்பது வருடம் வெங்காயம் நறுக்கி,
கடைசி இரண்டு வருடம் மட்டும் கறியைத் தொட்டவர்.
தாழ்ந்த மேசை, மெத்தை, சுவரெல்லாம் நீல ஓடு.
ஓடு கீழ்க்கடையில் வாங்கியது,
சதுர அடி என்ன விலை என்பதுவரை
அப்பா கண்டுபிடித்துவிட்டார். பேசத்தான் இல்லை.

பித்தளைக் கெண்டியோடு ஒரு பையன் வந்து
கையை நீட்டச் சொன்னான்.
ரைஸ்மில் கணக்கெழுதும் கையை அப்பா நீட்டினார்,
வாட்சைக் கழற்றாமல்.
கொம்பையா மாமாவும் நீட்டினார்,
கம்பம் ஏறி ஏறித் தடித்த கை.
எங்கள் தெருக் கம்பத்திலும் ஏறியவர்தான்,
இருபது வருடமாக.
இறங்கி ஒருநாளும் தண்ணீர் கேட்டதில்லை.
இரண்டு கைத் தண்ணீரும் ஒரே தாம்பாளத்தில் தேங்கிற்று.
பையன் தூக்கிப்போகும்வரை
இருவரும் அதையே பார்த்தார்கள்.

பிறகு சட்டி.
காரையார் போகிற வழியில் நிற்கும் கரையான் புற்றுபோல மூடி.
திறந்ததும் இலவங்கப்பட்டை, ஆட்டுக்கறி,
நாரத்தங்காய் என்று நான் நினைத்த எலுமிச்சை,
நாவல்பழமோ என்று அப்பா உற்றுப்பார்த்த ஆலிவ்.
பக்கத்தில் ரவையாய் உதிர்ந்த சோறு.
எல்லாம் ஒரே தட்டில்.
“நாலு பேரும் இதுலேயேதான் சாப்பிடணும்” என்றார் தமீம்.
“நல்ல துண்டை எதிர்ல இருக்கவங்க பக்கம்
தள்ளிவிடணும். அங்க அதான் மரியாதை.”

நான் அப்பாவின் வாயைப் பார்த்தேன்.
இசக்கிதுரையும் அதைத்தான் பார்த்தான்.
கேட்டது அப்பா இல்லை.
“எனக்கு ஒரு தட்டு தனியாக் குடுத்துருங்க தம்பி”
என்றார் மாமா,
ஷாக் அடிக்குமுன் கையை எடுக்கிறவரைப்போல.

தட்டு வந்தது. பீங்கான், வெள்ளை.
எவரும் பரிமாறவில்லை.
கறியின் ஆவி மட்டும் குறைந்துகொண்டே வந்தது.

கரண்ட் போனது.

இன்வெர்ட்டர் இன்னும் வாங்கவில்லை என்று
தமீம் இருட்டிலிருந்து மன்னிப்புக் கேட்டார்.
பைபாஸில் லாரிகள்.
வெகுநேரம் கழித்து அப்பாவின் குரல்:
“ஃபீடர் அவுட்டா இருக்குமோ?”
யாரைக் கேட்டார் என்பதற்கு அங்கே ஒருவர்தான்.
“இல்ல. லோடு மாத்துதாங்க. அஞ்சு நிமிசம்.”

அந்த ஐந்து நிமிடத்தை நான் பார்க்கவில்லை.
கேட்டேன்.
வாட்ச் தட்டின் விளிம்பில் இடித்த சத்தம்.
மெல்லுகிற சத்தம்.
எலும்பில் பல் படுகிற சத்தம், ஒருமுறை.
“புளிப்பா இருக்கு.”
“உப்புல ஊறினது.”
எது யார் சொன்னது என்றுகூட எனக்குத் தெரியும்,
எழுதமாட்டேன்.

நாலரை நிமிடத்தில் வெளிச்சம்.
நால்வர் கையும் மடியில்.
சோற்று மேட்டில் இரண்டு பக்கமும் பள்ளம்.
வெள்ளைத் தட்டில்
ஆலிவ் கொட்டை ஏழு, ஒரு நல்லி எலும்பு.

தேநீரைத் தலைக்கு மேலிருந்து ஊற்றினான் பையன்.
“ஆத்தத் தெரியல” என்றார் அப்பா.
மாமா தலையாட்டினார்.

வீட்டுக்கு வா என்று யாரும் யாரையும் சொல்லவில்லை.
பில்லை இரண்டாகப் பிரிக்கச் சொன்னார் மாமா.
தமீம் பிரித்தார்.
ஒரு ரூபாய் மிச்சம் வந்தது.
அது யாருடையது என்று
மாடிப்படி இறங்கும்வரை பேசிக்கொண்டே போனார்கள்.