முப்பத்தாறு மணி

ஐஸ் பெட்டி மீன் ஏஜெண்டிடம் இரவல் வாங்கியது.
எத்தனை தடவை கழுவினாலும் மத்தி வாசம் போகவில்லை.
அதன் அடியில், செய்தித்தாளில் சுற்றி,
விரல்நுனி அளவு ஒரு குப்பி.
கீழக்கரையிலிருந்து பைக் டேங்கின் மேல் வைத்து
மேடுபள்ளம் பார்த்துப் பார்த்துக் கொண்டுவந்தேன்.

வாலிநோக்கத்தில் விசைப்படகு ஒன்றும் கடலுக்குப் போகவில்லை.
மீனுக்கு இனப்பெருக்கக் காலம்,
அறுபத்தோரு நாள் தடை.
நூகு மரைக்காவின் குதிரைக்கு
யாரும் அவ்வளவு தாராளம் காட்டவில்லை.
தொண்டியிலிருந்து பொலிகுதிரை லாரியில் வருகிறது,
ஒரே ஒரு தடவை.
வாடகை, டீசல், கூட வருகிற ஆளுக்குப் பேட்டா,
எல்லாம் ஒரு நாளுக்குத்தான் பேச்சு.
அவள் கருமுட்டை அந்த நாளைப் பார்த்து
வெளியே வந்தாக வேண்டும்.

கிஸ்மத்து.
செவலை. நெற்றியில் சோற்றுப் பருக்கை அளவு வெள்ளை.
சாயல்குடிப் பந்தயத்தில் இரண்டு முறை ஜெயித்து,
மூன்றாம் முறை வண்டியோடு கருவக்காட்டுக்குள் போனவள்.
போன வாரம் வேறோர் ஊசி போட்டிருந்தேன்,
பழைய சுழற்சியை அறுத்துவிட.
அன்றைக்கு அவளுக்கு வேர்த்து ஊற்றியது.
இன்று கையுறை தோள்வரை,
உள்ளங்கைக்குள் ஸ்கேன் கருவி,
வெதுவெதுப்பான இருட்டு.
திரையில் கறுப்பாய் ஒரு வட்டம், முப்பத்தாறு மில்லிமீட்டர்.
மறுபக்கம் இன்னொன்று, முப்பத்திரண்டு.
அதை நோட்டில் எழுதவில்லை.
சின்னதுதானே, பின்தங்கிவிடும் என்று நினைத்தேன்.
நினைத்ததையும் எழுதவில்லை.

டார்ச் பிடித்திருந்தது மைமூன் நாச்சியா, நூகுவின் பெண்சாதி.
"இது எதுலேர்ந்து எடுக்கிறது டாக்டர்?"
சொல்லியிருக்க வேண்டாம்.
கர்ப்பிணிகளின் மூத்திரத்திலிருந்து என்றேன்.
சிரிப்பாள் என்று பார்த்தேன்.
குப்பியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.
"எந்த ஊர்ப் பொம்பளையோ. அவளுக்குத் தெரியுமா?"
பிறகு,
"எனக்கும் போட்டிருக்கு. மதுரையிலே, நாலு தடவை.
ராத்திரி பத்தரைக்குப் போட்டா
மறுநா விட்டு அடுத்த நா காலையிலே பத்தரை."
விரல்விட்டு எண்ணவில்லை. மனப்பாடம்.

மாலை ஆறு. கழுத்து நரம்பில் ஊசி இறங்கியது.
இனி என் கையில் இல்லை,
கடிகாரத்தின் கையில்.

மறுநாள் ராத்திரி வரவேண்டிய லாரி வரவில்லை.
உப்பூரில் டயர் வெடித்து,
தேவிபட்டினத்தில் ஸ்டெப்னிக்கு ஆள் எழுப்பி,
நூகு போனில் கத்திக்கொண்டே இருந்தார்.
மைமூன் கத்தவில்லை.
கொட்டில் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு
குதிரையைப் பார்த்தபடி இருந்தாள்.
"எங்களை அசையாமப் படுக்கச் சொல்லுவாக.
இவளைப் பாருங்க, சுத்திச் சுத்தி வர்றா."
உப்புக் குவியல்களின் மேல் வேய்ந்த ஓலையைச்
சோழகக் காற்று பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.
நாலேகாலுக்கு முகப்பு வெளிச்சம் தெரிந்தது.
இவ்வளவு அமர்க்களத்துக்கும்
வேலை முடிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.
பாங்கு சொன்னபோது பொலிகுதிரை
வேறெதையோ நினைத்தபடி புல் மென்றுகொண்டிருந்தது.

பதினைந்தாம் நாள் ஸ்கேன்.
நூகு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை அடிக்கப் போயிருந்தார்.
திரையில் இரண்டு வட்டங்கள்,
ஒட்டினாற்போல், நெல்லிக்காய் மாதிரி.
குதிரை வயிற்றில் இரண்டுக்கு இடமில்லை.
விட்டுவைத்தால் இரண்டும் போகும்,
சில சமயம் தாயும்.
பாடப்புத்தகத்தில் இதற்கு நாலு வரி.
சின்னதை ஓரமாய் நகர்த்தினேன், நகர்த்தினேன்,
விரலுக்கும் எலும்புக்கும் நடுவே அழுத்தினேன்.
காதுக்குக் கேட்காது.
விரலுக்குக் கேட்கும்.

"ரெண்டு இருந்துச்சே" என்றாள் மைமூன்.

"ஒண்ணு நீர்க்கட்டி."

டார்ச்சை அணைத்தாள்.
பட்டப்பகல்; அதுவரை எரிந்துகொண்டிருந்ததை
இருவருமே கவனிக்கவில்லை.
வாளியில் வெந்நீர் ஊற்றிவிட்டு,
சோப்பை நீட்டியபடி சொன்னாள்:
"எனக்கும் அதத்தான் சொன்னாக டாக்டர்,
நீர்க்கட்டின்னு.
கை கழுவுங்க."