இரண்டே கால்

பாலுக்கும் மணி தெரியும் என்று
தரமணியில் சேர்ந்த முதல் வாரம் சொன்னார்கள்.
விளக்கணைந்த பிறகு ஊறும் பாலில்
தூக்கத்தைக் கூப்பிடும் ஏதோ ஒன்று கூடும்;
விடிந்தால் அது வடிந்து
விழிக்கவைக்கும் வேறொன்று ஏறும்.
புதிதாய் வந்த உயிருக்கு
இது இரவு, இது பகல் என்று
முதலில் சொல்வது ஜன்னல் அல்ல,
மார்பாகவும் இருக்கலாம்.
இருக்கலாம். அதற்குத்தான் இந்த ஆய்வு.

நான் ஆராய்ச்சியாளர் இல்லை,
பெட்டி தூக்குகிறவள்.
ஐஸ், குப்பிகள், நீல மைப் பேனா,
நாற்பத்தொரு வீட்டு விலாசம்.
மாதவரத்தில் ஒரு வங்கிக்காரம்மா,
அயனாவரத்தில் இரட்டை பெற்றவள்,
காசிமேட்டில்
வேளாங்கண்ணி.

இரவில் விமான நிலையம் பெருக்குகிறாள்.
பாலூட்டும் அறையைத் துடைத்து
ஈரம் காயுமுன் அதற்குள்ளேயே உட்கார்ந்து
பீய்ச்சி எடுக்கிறாள்.
"சூப்பர்வைசர் தட்டினா
பினாயில் ஊத்தறேன்னு கத்துவேன்க்கா."
நேரம் என்ற கட்டத்தில்
எப்போதும் ஒரே எழுத்து: இரண்டே கால்.

அந்தப் பாலைத்தான்
அவள் அடித்துப்போட்டாற்போல் தூங்கும் மதியத்தில்
சகாயம் பாலாடையில் புகட்டுகிறான்.
துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவன்,
வீட்டில் சில்லிப்புக்குப் பஞ்சமில்லை.
நடுராத்திரியை நண்பகலில் குடித்த பிள்ளை
லாரி ஹாரனுக்கும் அசையாமல் கிடக்கிறது.
அவள் பஸ் ஏறிய பிறகு எழுந்து
அப்பன் மூக்கைப் பிடித்து இழுக்கிறது.

டாக்டரம்மாவிடம் கேட்டேன்.
ராத்திரிப் பாலை ராத்திரிக்கே கொடுத்துப் பார்க்கட்டும்,
கெடுதல் ஒன்றுமில்லை,
பலிக்கும் என்றும் சொல்ல முடியாது என்றார்.
அதை அப்படியே போய்ச் சொன்னேன்.
வேளாங்கண்ணி யோசித்தாள்.
கரண்ட் போனால் எந்த பாட்டில் எது?
நெற்றியிலிருந்து ஸ்டிக்கர் பொட்டை உரித்து
ராத்திரிப் பாட்டிலின் கழுத்தில் ஒட்டினாள்.
இருட்டில் சகாயம் தடவிப் பார்த்தால் போதும்,
மேடு தட்டுவது இரவு.

பத்து நாள் கழித்துக் கேட்டேன், தூங்குகிறானா?
"நாலு நாளு தூங்கினான்.
மிச்ச ஆறு நாளு அவங்கப்பன் மாதிரி."

அறிக்கை தயாரானபோது
அவள் எண்ணுக்கு நேரே ஒரு சொல்:
விலக்கம்.
காரணம், ஒழுங்கற்ற உறக்க நேரம்.
தப்பென்று சொல்லமாட்டேன்,
கணக்குக்குக் கறார் வேண்டும்.
ஆனாலும்
பொழுது புரண்டு கிடக்கிற தாய்மாரை எல்லாம்
பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால்
மிச்சமிருக்கும் சென்னை எது என்று
கேட்க வாய் வந்து
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

உறைபெட்டியில், மைனஸ் எண்பதில்,
அவள் குப்பி ஒன்றில் மட்டும்
பழக்கதோஷத்தில் ஒட்டிய பொட்டு
இன்னும் உதிராமல் இருக்கிறது.

கையெழுத்து வாங்கக் கடைசியாய்ப் போன அன்று
பிள்ளை மடியில் குடித்துக்கொண்டிருந்தது.
"மெஷினு என் பாலுக்கு
என்னக்கா மணி காட்டிச்சு?"

கோடு தாழ்ந்துதான் இருந்தது.
மற்றவர்களின் நள்ளிரவு மலைபோல் எழும்பிய இடத்தில்
அவளுடையது ஒரு வேகத்தடை.
"மங்கலா காட்டுது. ஆனா ராத்திரிதான்" என்றேன்.

"இருக்கும். அங்க லைட்டை
அணைக்கவே மாட்டாங்களே."

பிள்ளை வாயெடுத்து
என்னை ஒருமுறை பார்த்தது.
பகல் பதினொன்று.
பெட்டியில் எடுத்துப்போக எதுவும் இல்லை.
அது மறுபடி குடிக்கப் போனது.