லாபி

எழிலகம், இரண்டாவது மாடி.
மூன்று மின்விசிறியில் ஒன்று ஓடாது.
ஜன்னலைத் திறந்தால் சேப்பாக்கம் மைதானத்தின் விளக்குக் கம்பம்,
மூடினால் கோப்பு வாசனை.
நான் சுருக்கெழுத்துத் தட்டச்சர், நிலை மூன்று.
கபடி லீக்கில் சூதாட்டம் நடந்ததா என்று விசாரிக்க
அரசு அமைத்த குழுவுக்குப்
பென்சில் சீவி உட்கார்ந்தவள்.

சாட்சி எண் பதினேழு. லூர்துராஜ், எர்ணாவூர்.
இறுதி ஆட்டம், கடைசி ரெய்டு,
ஒரு புள்ளி எடுத்திருந்தால் போதும்.
யாரையும் தொடவில்லை, அவனையும் யாரும் தொடவில்லை,
இடது கால் மட்டும் லாபிக்குள் போனது.
தொடாமல் லாபியில் கால் வைத்தால் அவுட்.
பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும்.
ஏழு வருஷம் பாடிப் போனவனுக்குத் தெரியாதா?
வழக்கே அவ்வளவுதான்.

கேட்ட கேள்விகள் என் நோட்டில் இருக்கின்றன.
உன் கல்யாணத்துக்கு எந்தக் கட்சிக்காரர் வந்தார்,
வாசலில் கட்டிய கொடிக்கு எத்தனை நிறம்,
அணியின் முதலாளி அமைச்சருக்கு மச்சானா
மச்சானுக்கு மச்சானா.
மருதவாணன் ஆளும் பக்கம். சேந்தன் எதிர்ப் பக்கம்.
ஒருவர் எழுந்தால் மற்றவர் மேஜையைத் தட்டுவார்.
"உங்க ஆட்சியிலதான்யா புக்கிங்களுக்கு ரூம் போட்டுக் குடுத்தீங்க!"
"உங்க தலைவர் பையன் யாரோட துபாய் போனான்?"
பென்சில் முனை இரண்டு தரம் ஒடிந்தது.
உருண்டு போனதை லூர்துராஜ்தான்
குனிந்து எடுத்துக் கொடுத்தான்.

நாலு மணிக்கு நீதிபதிக்கு ஞாபகம் வந்தது.
"அந்தக் கடைசி ரெய்டை விளக்க முடியுமா?"
விளக்கத்தான் சொன்னார்.
அவன் எழுந்தான். செருப்பைக் கழற்றினான்.
தரைவிரிப்பின் ஓரத்தைக் கோடாக வைத்துக்கொண்டு
மூச்சை இழுத்தான்

கபடிகபடிகபடிகபடிகபடி

உறுப்பினர்கள் தண்ணீர் பாட்டிலை நகர்த்தினார்கள்.
டவாலி கதவைப் பிடித்துக்கொண்டார்.
அவன் இடது கால் விரிப்பின் ஓரம் வந்து
அந்தரத்தில் நிற்க,
மூச்சு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.
பத்தொன்பது விநாடி. எண்ணினேன்.
"போதும் தம்பி, உக்காருங்க" என்றார் மருதவாணன்,
கடிகாரத்தைப் பார்த்தபடி.
கால் எந்தப் பக்கம் இறங்கியது என்று
ஒருவரும் பார்க்கவில்லை.
"இது சாட்சியத்தில் சேராது."
நீதிபதி சொன்னதை எழுதிக்கொண்டேன்.

லிஃப்ட் அன்றும் ஓடவில்லை.
படியில் என் பின்னால் வந்தான்.
"அக்கா, நான் வாங்கினேன்.
நாலு லட்சம். காசிமேட்டுல, ஐஸ் பொட்டி மேல வெச்சு
எண்ணிக் குடுத்தாங்க. நோட்டெல்லாம் நனைஞ்சு போச்சு.
யாரு குடுத்தான்னு பேரோட சொல்லத்தான் வந்தேன்.
அஞ்சு மணி நேரம்க்கா.
வாங்குனியான்னு ஒருத்தர் கேக்கல."
எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை.
குடை கொண்டு வந்திருக்கிறாயா என்றேன்.
வெளியே வெயில்.

மாசியில் கூட்டணி முடிந்தது.
திருவொற்றியூர் தேரடியில் ஒரே வேனில் நின்று
மருதவாணனும் சேந்தனும் கும்பிட்டார்கள்,
ஒருவர் துண்டு மற்றவர் தோளில்.
குழுவுக்கு ஆறு மாதம் நீட்டிப்பு. அப்புறம் மூன்று.
அப்புறம் மூடிய உறையில் அறிக்கை.
உறைக்கு அரக்கு வாங்கிய ரசீது
நான்தான் வைத்தேன், முப்பத்தெட்டு ரூபாய்.
லூர்துராஜுக்கு ஐந்து வருஷத் தடை.
அது மட்டும் உறையில் அடங்காமல்
மறுநாளே பேப்பரில் வந்துவிட்டது.
முதலாளியின் அணி ஜெர்சியை மாற்றிக்கொண்டது.

என்னை மீன்வளத்துறைக்கு மாற்றினார்கள்.
நோட்டுகளை யாரும் கேட்கவில்லை.
என் கோடுகள் என் கண்ணுக்குத்தான் எழுத்து.
நாலாவது நோட்டு, அறுபத்திரண்டாம் பக்கத்தில்
எந்தப் பாடத்திலும் இல்லாத ஒரு கிறுக்கல்,
கை எடுக்காமல் இழுத்தது,
மார்ஜின் கோட்டைத் தாண்டியிருக்கிறது.
அடுத்த பக்கம் காலி.

படியில் அவன் பேசியபோது
பென்சில் என் கையில்தான் இருந்தது.