இரண்டு காதுவில்லைகள்

மே மாதம் எங்கள் பள்ளத்தாக்கில்
இரவு என்பது பெயருக்குத்தான்.
வெளிச்சம் போவதில்லை,
ஆடுகளும் தூங்க விடுவதில்லை.
நானூற்றுப் பன்னிரண்டு சினையாடுகள்,
ஆள் இரண்டு.
மாலை ஆறு முதல் காலை ஆறு வரை சோல்ரூன்,
மிச்சம் எனக்கு.

ஹுசாவிக் நூலகத்திலிருந்து
அவள் ஒரு நாவலைத் தூக்கி வந்தபோது சிரித்துவிட்டேன்.
ஐந்நூற்றுச் சொச்சம் பக்கம்.
சாப்பாடே நின்றுகொண்டுதான்,
இதை எப்போது?
"வலியெடுத்த ஆடு குட்டி போட
அரைமணி ஆகும்" என்றாள்.
"அந்த அரைமணி யாருடையது?"

கொட்டகைத் தூணில் ஓர் ஆணி.
அயோடின் புட்டிக்கும் கயிற்றுக்கும் நடுவே
புத்தகத்துக்கு ஒரு பை.
பக்க அடையாளத்துக்கு மஞ்சள் காதுவில்லை, எண் 317,
போன வருஷம் வேலியில் சிக்கி அறுந்தது.

மூன்றாம் நாள் பகலில்
ஒரு கிழட்டு ஆடு
படுப்பதும் எழுவதுமாய்ப் போக்குக் காட்ட,
சும்மா எடுத்தேன். சும்மாதான்.
எங்கோ வெயில் கொளுத்தும் ஊர்.
டிராம் பணிமனையில் சில்லறை எண்ணும் ஒலிண்டா.
அவளுக்கு வந்த கடிதத்தை
யாரோ பிரித்து மறுபடி ஒட்டியிருக்கிறார்கள்.
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிப்
பக்கம் திருப்பினேன்.
மறுநாள் நீல வில்லை ஒன்றை
நானும் தேடியெடுத்தேன்.

அதன்பின் கொட்டகை வாசலில்
ஷிஃப்ட் மாறும்போது எங்கள் பேச்சு இப்படி:
"ஏழாம் பட்டியில் இரட்டை. ஒன்றுக்குப் புட்டிப்பால்."
"சரி."
"அந்த மச்சினன் நல்லவன் இல்லை."
"சொல்லாதே!"

ஒரே படுக்கையில் முறைவைத்துத் தூங்கினோம்,
அவள் விட்டுப்போன சூட்டில் நான்,
நான் விட்டுப்போன சூட்டில் அவள்.
முகம் பார்த்துப் பேச நேரமில்லாத மாதம்.
ஆனாலும் அவள் இரவு எனக்குத் தெரியும்.
ஓரத்தில் அயோடின் கட்டைவிரல் ரேகை:
அந்த வரியில் ஒரு குட்டி பிறந்திருக்கிறது.
நூற்றெண்பதில் காபி.
இருநூற்று ஆறில், ஒலிண்டா கதவை அறைந்து சாத்தும் இடத்தில்,
நகத்தால் கீறிய கோடு.

பதினாறாம் தேதி காலை
மஞ்சள் வில்லை நகரவில்லை.
முந்நூற்று இரண்டு. நேற்றும் அதே எண்தான்.
மூலையில் சாக்கு போர்த்திய ஆறு சிறு மேடுகள்.
வைக்கோல் மேல் பூட்ஸைக்கூடக் கழற்றாமல்
கிடந்தாள்.
அன்று எனக்கு நேரமிருந்தது.
அவளை விட்டுவிட்டு
ஒலிண்டாவின் வீட்டுக்குள் போக
மனம் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து, முந்நூற்றுப் பதினொன்று.
ஒன்பது பக்கம்!
யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது.
ஆட்டிடம் சொன்னேன்.

ஜூன் நான்கில் கடைசி ஆடும் ஈன்றது.
எல்லாம் மலையேறிவிட்டன.
இப்போது நேரமோ நேரம்.
நாற்காலியில் உட்கார்ந்து சாப்பாடு,
ஒரே நேரத்தில் இருவருக்கும் தூக்கம்.
நாற்பது பக்கம் பாக்கியோடு
புத்தகம் அந்தப் பையிலேயே தொங்குகிறது.
நூலகத்திலிருந்து இரண்டு முறை போன் வந்தாயிற்று.
"போய் எடுத்து வாயேன்" என்கிறாள் கண்ணை மூடியபடி.
"நீ போயேன்" என்கிறேன்.

நேற்றிரவு பதினொன்று இருக்கும்.
புல்லின்மேல் வெயில் இன்னும் சாய்ந்து கிடக்க,
கொட்டகைக் கதவு கிறீச்சிட்டது.
கைநீட்டித் தொட்டுப் பார்த்தேன்:
அவள் பக்கம் இன்னும்
சூடாகத்தான் இருந்தது.