உடன் வந்தவர்

செக்கானூரணி முக்கில்
புரோட்டாக் கல் ஓய்ந்து
கரண்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள்.
ஞாயிறு பிறந்து நூறு நிமிடம்.

ஒச்சுக்காளை நெஞ்சில் கைவைத்தபடி
தானே நடந்து வந்தார்.
வாயு என்றார்.
ரெண்டு கோலி சோடாவுக்கும்
ஒரு துண்டு இஞ்சி மரப்பாவுக்கும்
அடங்காத வாயு.

பின்னால் மனைவி,
ஒயர்கூடை, பிளாஸ்க், போர்வை,
வாசலில் அவர் உதறிவிட்டு வந்த செருப்பு
ஒரு கையில்.

பதிவேட்டில் எழுதினேன்:
பெயர், வயது, ஊர் கருமாத்தூர், வந்த நேரம்.
கடைசிக் கட்டத்தில்
உடன் வந்தவர்: மனைவி.
பெயர் கேட்கவில்லை.
அந்தக் கட்டம் சிறியது.

ஈசிஜி தாளில் நாகமலை மாதிரி
ஏறி இறங்கி
ஒரு குறையும் இல்லாமல் ஓடியது கோடு.
டாக்டர் நஸ்ரீன் அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்து
"எதுக்கும் ட்ரோபோனின் போட்டுருங்க" என்றார்.

ஃப்ரிட்ஜில் இன்சுலினுக்குப் பக்கத்தில் பெட்டி.
உள்ளே ரெண்டே ரெண்டு.
புதுப் பெட்டி திங்கட்கிழமைதான்
மதுரையிலிருந்து வரும்.

தீப்பெட்டி அகலத்தில் வெள்ளைத் தகடு.
மூன்று சொட்டு விட்டேன்.
ஐம்பத்தெட்டுக் கால்வாயில் தண்ணீர் திறந்த அன்று
முதலில் புழுதியை நனைத்து
அப்புறம் யோசித்து யோசித்து நகருமே,
அப்படி நகர்ந்தது ரத்தம்.
தண்ணீரோடு கரையில் நடக்கிற சனம்போல
நானும் குனிந்து கூடவே போனேன்.

பதினைந்து நிமிடம்.
அதற்குள் தேனி பஸ் ஒன்று வந்து
யாரையும் இறக்காமல் போனது.

ஒரே கோடு.
தகடு வேலை செய்கிறது
என்பதற்கான கோடு அது.
நெஞ்சில் ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை,
இந்த நேரம்வரை தெரியவில்லை, அவ்வளவுதான்.
வலி தொடங்கி ஒரு மணிநேரம்கூட ஆகவில்லை.
சேதி ரத்தத்துக்கு வந்துசேர வேண்டாமா?

"அப்பக் கெளம்பவா? மோட்டார் ஓடிக்கிட்டிருக்கு."
"படுங்க. மூணு மணிநேரம் கழிச்சு
இன்னொரு தடவ பாக்கணும்."
மிச்சமிருந்த ஒன்றின் மேல்
பென்சிலால் அவர் பெயரை எழுதிவைத்தேன்.

மூன்றரைக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன்.
பெஞ்சில் அந்த அம்மா
தாடையை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டிருந்தார்.
ஃபேன் முழுவேகத்தில் சுற்றியும்
சேலை முதுகோடு ஒட்டியிருந்தது.

"கடவாப்பல்லு தம்பி. நேத்துக் காலையில இருந்து.
தோளு வரைக்கும் இழுக்குது.
எனக்கு ஒண்ணுமில்ல, அவரப் பாருங்க."

நேற்றுக் காலையிலிருந்து.
அந்தப் பல்லோடுதான் சோடா வாங்கி,
ஆட்டோக்காரரைத் தட்டி எழுப்பி,
செருப்பையும் பொறுக்கி.

டாக்டர் ஓடி வந்தார்.
தாளில் மலை ஓரிடத்தில் சரிந்திருந்தது.
சர்க்கரை உடம்பு, பழைய சரிவாகவும் இருக்கலாம்.
என்னைப் பார்த்தார்.
பென்சில் எழுத்தை அழிக்க நேரமில்லை.

பதினைந்து நிமிடம் கேட்கவில்லை அந்தத் தகடு.
நாலாவது நிமிடமே
நாவல்பழக் கறை நிறத்தில்
ரெண்டாவது கோடு.

நூற்றெட்டில் ஏற்றும்போது
ஒச்சுக்காளை ஒயர்கூடையை
எந்தக் கையில் பிடிப்பதென்று தெரியாமல் நின்றார்.
"பேரு சொல்லுங்க" என்றேன்.
கூப்பிட்டுப் பழகாத பெயர்,
தொண்டையில் தேடி எடுத்தார்.
மாயக்காள்.

புது வரிசையில் எழுதினேன்.
உடன் வந்தவர்: ஒச்சுக்காளை, கணவர்,
இவருக்கும் மறுபடி ரத்தம் பார்க்கவேண்டும்.
கட்டம் போதாமல்
எழுத்து ஓரத்துக்கு வழிந்தது.

வண்டியின் விளக்கு நாகமலைப் பக்கம் திரும்பி மறைந்தது.
மேசையில் அந்தத் தகடு,
மேலே அவர் பெயர்,
கீழே அவளுடைய ரெண்டு கோடு.

ஃப்ரிட்ஜில் காலிப் பெட்டி.
திங்கட்கிழமை வரைக்கும்
இந்த முக்கில் எல்லாருக்கும்
வாயுவாகவே இருக்கட்டும்.