நான்காம் மூட்டைக்காரர்

நிகழ்ச்சித் தாளில் கடைசிக்கு முந்தைய வரி:
மூட்டைக்காரர் 4 – குணாலன்.
குணாளன் என்று இருந்திருக்க வேண்டும்.
அவர் யாரிடமும் சொல்லவில்லை.
கவனித்திருந்தும் நானும் சொல்லவில்லை.
என் பெயர் மேலே பெரிய எழுத்தில்
சரியாகவே இருந்தது.

வாட்டர்லூ சாலை அரங்கில்
தஞ்சோங் பகார் துறைமுகத்தைக் கட்டியிருந்தோம்:
இரண்டு மரப்படி, ஒரு நீலத்துணி,
துணியை ஆட்டிக் கடலாக்க ஒரு மின்விசிறி.
வருடம் முப்பத்தாறு.
கதைப்படி நான்
கப்பலில் வந்துசேராத கணவனுக்காகப் பாடுகிறவள்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டால்
மூன்றடிக்கு அப்பால் எனக்கு எல்லாமே கடல்.
தரையில் ஒட்டிய வெள்ளை நாடா தெரியாது.
இருட்டில் கோடாலித் தைல வாசம் வரும்.
இடப்பக்கம் குணாளன்.
இன்னும் இரண்டு எட்டு; நின்று திரும்பினால்
விளக்கு முகத்தில் விழும்.
முப்பத்தேழு ஒத்திகையில் ஒருமுறைகூட
அவர் வேறெங்கும் நின்றதில்லை.

பகலில் ஈசூன் புளோக்குகளில் லிஃப்ட் பழுது பார்ப்பவர்.
லிஃப்டும் தளமும் ஒரே மட்டத்தில் நின்றால்
யாரும் குனிந்து பார்ப்பதில்லை.
கால் தடுக்கிய அன்றுதான் ஆளைத் தேடுவார்கள்.
இதெல்லாம் நானாக யோசித்தது.
அவர் என்னிடம் பேசியது பெரும்பாலும்
"தங்கச்சி, கோப்பி-ஓ ஒண்ணு வாங்கட்டா?"

மற்ற மூவரின் சாக்கிலும் பழைய தலையணை.
அவர் சாக்கில் மட்டும் பத்துக் கிலோ அரிசி.
"யாருண்ணே பார்க்கப் போறா?" என்றார் இயக்குநர் மீரான்.
"தலையணையைத் தூக்குனா எனக்குச் சிரிப்பு வருது."

மூன்றாம் பாட்டில்,
கப்பல் வந்தது, உன் பெயர் இறங்கவில்லை
என்று நான் உச்சியைத் தொடும் இடத்தில்
மூட்டையை ஒரு கணம் இறக்கிவைத்து
என் பக்கம் தலையசைப்பார்.
அரங்கத்துக்குத் தெரியாத அளவு.
அதைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த மூச்சை எடுப்பேன்.
எனக்கே எனக்கென்று நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை மதியக் காட்சிக்குத் தொண்டை கட்டிவிட்டது.
ஹேமப்பிரியா பாடினாள்.
கண்ணாடி போட்டுக்கொண்டு நான் எட்டாம் வரிசையில்.

அன்றுதான் அவரை முழுசாகப் பார்த்தேன்.
கை ஓயவே இல்லை.
சாக்கின் வாயைச் சுருட்டுகிறார்,
பிடரி வியர்வையைத் துண்டால் ஒற்றுகிறார்,
கங்காணி கடக்கும்போது மட்டும்
முதுகு ஒரு விரற்கடை கூடுதலாக வளைகிறது.
நீலத்துணியைக் கடலென்று எல்லோரும் நம்பினார்கள்.
அதன் கரையில் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தாரே.

ஹேமப்பிரியா உச்சிக்குப் போனாள்.
மூட்டை இறங்கியது.
தலை அசைந்தது.
அதே அளவு. நூலிழை கூடவில்லை, குறையவில்லை.

சுருக்கென்றது.
யார் பொத்தானை அமுக்கினாலும் வருகிற லிஃப்ட்!
பக்கத்து இருக்கைப் பெண் பாட்டுக்கு அழுதுகொண்டிருந்தாள்.
என் முகத்தைப் பார்த்துவிட்டு
டிஷ்யூ ஒன்று நீட்டினாள்.
வாங்கிக்கொண்டேன்.

இரவுக்குள் குரல் திரும்பிவிட்டது.
கோபத்தோடுதான் மேடையேறினேன்.
தைல வாசம்.
இரண்டு எட்டு.
விளக்கு.
எங்கே நிற்பதென்று தெரியாமல் போனது
கோபம் மட்டும்தான்.

கடைசிக் காட்சி முடிந்து
எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருக்க,
அவர் ஒரு மூலையில் சாக்கை அவிழ்த்து
அரிசியை அள்ளி முகர்ந்து பார்த்தார்.
"வண்டு வைக்கல. வீட்டுல அரிசி முடிஞ்சுபோச்சுன்னு
காலையிலதான் சொன்னாங்க."

பென்கூலன் ஸ்டேஷன் வரைக்கும் நான் தூக்கி வருகிறேன் என்றேன்.
ஒரு பார்வை பார்த்துவிட்டு
என் தோளில் ஏற்றிவைத்தார்.
மூன்று கடை தாண்டுமுன் கழுத்து முறுக்கிக்கொண்டது.
என் பூங்கொத்தை நெஞ்சோடு பிடித்தபடி
வந்துகொண்டிருந்தார்,
இடப்பக்கம்.